மூல நோய்: வீட்டில் செய்ய வேண்டியதும் டாக்டரிடம் போக வேண்டியதும்



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு ஒரு தாயார் வந்தார்கள். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தொழுகையில் ருகூவிலிருந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது, இருதயத்தில் ஏதோ கோளாறு, ஸ்கேன் எடுக்க உதவுங்கள் என்பதுதான் கோரிக்கை. டாக்டர் முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இருதயத்தில் கோளாறு இல்லை; ஓட வேண்டிய இரத்தம்தான் உடம்பில் பாதிக்கும் கீழே இருந்தது. எங்கே போயிற்று என்று துருவித் துருவிக் கேட்டபிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "இதை எப்படி வாப்பா வெளியே சொல்ல?" என்றார்கள். மூன்று வருடமாக மலம் கழிக்கும்போதெல்லாம் இரத்தம் போயிருக்கிறது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த இதழில் மூல நோயைப் பற்றி எழுத வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தது அந்தத் தாயாரால்தான். வீட்டில் எல்லோரும் படிக்கும் இதழில் இதையெல்லாம் எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு தயக்கம் இருந்தது. மார்க்கச் சட்டங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்படாத சமுதாயம் நாம். மாதவிலக்கு, குளிப்பு, இஸ்தின்ஜா என்று எல்லாவற்றையும் மதரஸாவில் உட்கார்ந்து படித்திருக்கிறோம். உடம்பு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போவது ஏன் என்று தெரியவில்லை.

மூலம் என்பது என்ன?

மூலம் என்றால் ஏதோ புதிதாக ஒரு கட்டி முளைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஆசனவாயின் உட்பக்கத்தில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே இருக்கின்றன. குழாயின் வாயில் வாஷர் போட்டிருப்பதுபோல, காற்றும் நீரும் நம்மை அறியாமல் கசிந்துவிடாமல் அவைதான் அடைத்து வைக்கின்றன. மலச்சிக்கலால் வருடக்கணக்கில் முக்கி முக்கி, அந்த மெத்தைகளைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் தளர்ந்து, இரத்தம் தேங்கி வீங்கி, கீழே சரியும்போதுதான் அதை மூல நோய் என்கிறோம்.

உள்ளே இருப்பது உள் மூலம். அங்கே வலி உணரும் நரம்புகள் இல்லை. அதனால் உள் மூலம் பெரும்பாலும் வலிக்காது. பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் மட்டும் போகும். சொட்டுச் சொட்டாகவோ, சில சமயம் பீய்ச்சி அடிப்பதுபோலவோ மலத்துக்குப் பிறகு வரும். வலி இல்லை என்பதாலேயே ஆண்டுக்கணக்கில் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாயாருக்கு நடந்தது அதுதான்.

வெளிப்புறத் தோலுக்கு அடியில் வருவது வெளி மூலம். அதில் இரத்தம் உறைந்துவிட்டால், நேற்றுவரை இல்லாத ஒரு நீல நிற உருண்டை திடீரென்று வந்து, உட்கார முடியாமல் வலிக்கும். இந்த வலி முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்லக் குறைந்து, சில வாரங்களில் உருண்டையும் சுருங்கிவிடும். தாங்க முடியாத வலி என்றால் முதல் மூன்று நாட்களுக்குள் டாக்டரிடம் போனால், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, உறைந்த இரத்தத்தோடு அதை எடுத்துவிடுவார். வலி குறையத் தொடங்கிவிட்டது என்றால் கத்தி தேவையில்லை.

இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் கீறியதுபோல் வலித்து, பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிச்சல் நீடித்தால், அது பெரும்பாலும் மூலமே இல்லை. ஆசனவாயில் ஏற்படும் வெடிப்பு அது. சிகிச்சையும் களிம்பும் வேறு. பக்கத்தில் சிறு துளை விழுந்து சீழ் கசிந்தால் அது பவுத்திரம். நம் பக்கத்தில் இந்த மூன்றையும் சேர்த்து 'மூலம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். மருந்துக்கடையில் போய் "மூலத்துக்கு ஒரு ஆயின்மெண்ட்" என்று கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு, ஆறு மாதமாகியும் குணமாகவில்லையே என்று வருத்தப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சூடு என்கிறோமே, அது?

"உடம்புச் சூடுதான் மூலம், கோழிக்கறியை நிறுத்து" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வைத்தியம். கறிக்கும் மூலத்துக்கும் நேரடிப் பகை எதுவும் கிடையாது. கறியில் நார்ச்சத்து துளியும் இல்லை என்பதுதான் விஷயம். வெள்ளைச் சோறும் கறி ஆணமும், இரவில் பரோட்டாவும் சால்னாவும் என்று சாப்பிட்டால், நாள் முழுக்கச் சேர்ந்தாலும் உடம்புக்குத் தேவையான அளவு நார்ச்சத்து உள்ளே போயிருக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு தட்டு வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு கொய்யாப்பழத்தில் ஐந்து கிராம் கிடைக்கிறது. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து கிராமுக்கு மேல் இருக்கிறது. கறி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கறி வைக்கும் தட்டில் கீரையும் அவரைக்காயும் அதே அளவுக்கு இருக்கட்டும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத் தயிர்ப் பச்சடியை ஒரு ஸ்பூனோடு நிறுத்தாமல் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் புண்ணான இடத்தில் எரிச்சலைக் கூட்டும். குணமாகும்வரை காரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஆரம்ப நிலையில் இருக்கும் மூலத்தில் பெரும்பகுதி வீட்டுக் கவனிப்பிலேயே அடங்கிவிடும். இதில் முதல் இடம் களிம்புக்கு இல்லை. மலம் இளகிப் போவதற்குத்தான். மலம் இளகாமல் என்ன பூசினாலும் மறுநாள் காலை மறுபடி கிழியும்.

உணவில் நார்ச்சத்தைக் கூட்டுவதோடு, இசப்கோல் உமி நல்ல துணை. எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. இரவில் ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, ஊறிக் கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும். அதன்மேல் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிப்பது அவசியம். தண்ணீர் இல்லாமல் வெறும் உமியை வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். முதல் சில நாள் வயிறு உப்பும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், அளவைக் குறைத்து ஆரம்பியுங்கள். இது பேதி மருந்து இல்லை. பலன் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். இரத்தப்போக்கு குறைய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். இருதயம், சிறுநீரகம் பாதித்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

அடுத்தது வெந்நீரில் உட்காருவது. அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, இடுப்பின் கீழ்ப்பகுதி நனையும்படி பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். மலம் கழித்தபின் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை என்று நாளுக்கு இரண்டு மூன்று தடவை. இறுகிய தசை தளர்ந்து வலி குறையும். டெட்டால் ஊற்ற வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். சர்க்கரை நோயால் கால், இடுப்புப் பக்கம் உணர்வு மங்கியவர்கள் சூட்டை வீட்டில் வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு தெரியாமல் வெந்துபோகக்கூடும்.

தண்ணீரால் சுத்தம் செய்யும் பழக்கம் நமக்கு இருப்பது இந்த நோயில் பெரிய உதவி. காகிதத்தால் துடைத்துத் துடைத்துப் புண்ணாக்கிக்கொள்ளும் தொல்லை இல்லை. ஆனால் இப்போது எல்லா வீட்டிலும் மாட்டியிருக்கும் ஸ்ப்ரேயை முழு வேகத்தில் திறந்து அடிப்பது நல்லதல்ல. மூலம் உள்ளவர்கள் பழையபடி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொள்வதே மேல். சோப்பும் வேண்டாம். கழுவியபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

கழிப்பறைப் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலம் வரும் உணர்வு வந்தால் உடனே போய்விடுங்கள். கடையில் வியாபாரம், பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சுத்தமில்லை, கல்யாண வீட்டில் கூட்டம் என்று அடக்கி வைத்தால், மலத்திலுள்ள ஈரத்தைக் குடல் உறிஞ்சிக் கல்லாக்கிவிடும். அதே சமயம், வராத மலத்துக்காகக் காத்து உட்காரவும் கூடாது. ஐந்து நிமிடம் போதும். இப்போது பையன்கள் கைப்பேசியோடு உள்ளே போனால் அரை மணி நேரம் வெளியே வருவதில்லை. அந்த நேரம் முழுவதும் கீழ்நோக்கி அழுத்தம்தான். தேவைக்கு மேல் அங்கே தங்கக் கூடாது என்று மதரஸாவில் ஏழு வயதிலேயே சொல்லித் தந்த ஒழுக்கம், உடம்புக்கும் இப்படி ஒத்துவருகிறது. மூட்டுவலியால் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியவர்கள் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால், குந்தி உட்காருவதற்குச் சமமான வசதி கிடைக்கும்.

களிம்புகள் அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும்; மூலத்தைக் கரைக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் பூசினால் அந்த இடத்தின் தோல் மெலிந்து, அரிப்பு இன்னும் கூடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். டிரமடால், கோடீன் வகை வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நோன்பு மாதத்தில்

ரமளானில்தான் பலருக்குப் பழைய மூலம் தலைகாட்டுகிறது. பகலெல்லாம் தண்ணீர் இல்லை, நோன்பு திறந்ததும் சமோசா, வடை, பஜ்ஜி, கட்லெட், பிறகு தராவீஹ், வந்து பரோட்டா, ஸஹரில் அவசரமாக இரண்டு கவளம் சோறு. பத்தாவது நோன்புக்குள் மலம் இறுகிவிடுகிறது. நோன்பைக் குறை சொல்வதற்கு இதில் எதுவுமில்லை.

நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக்கஞ்சி உண்மையில் நல்ல உணவு. அரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்து, வெறும் வயிற்றுக்கு நீரையும் சத்தையும் ஒன்றாகக் கொடுக்கிறது. இரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி, கொஞ்சம் சுண்டல், ஒரு துண்டு தர்பூசணி அல்லது கொய்யா என்று நோன்பு திறந்தால் மூலம் உள்ளவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வறுவலை வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை ஸஹரில் ஒரே மூச்சில் குடித்தால் பெரும்பகுதி சீக்கிரமே சிறுநீராகப் போய்விடும். இஃப்தாரிலிருந்து ஸஹர்வரை மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். தராவீஹுக்குப் போகும்போது ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும். இசப்கோலை இரவில் தராவீஹ் முடிந்து எடுத்துக்கொண்டால், அதன்மேல் தண்ணீர் குடிக்க நேரம் இருக்கும். களிம்பையும், உள்ளே வைக்கும் மருந்தையும் மஃரிபுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் நோன்பு கூடுமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. பகலில் வைத்தே ஆக வேண்டிய நிலை என்றால் உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரத்தம் அதிகமாகப் போய், தலை சுற்றி, டாக்டர் நோன்பு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் உள்ளவர்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. குணமானபின் களா செய்துகொள்ளலாம்.

உளூவும் தொழுகையும்

பின்துவாரத்திலிருந்து இரத்தம் வெளிப்பட்டால் உளூ முறிந்துவிடும்; ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் அப்படித்தான். அதனால் கசிவு நிற்காதவர்கள் "என் தொழுகை கூடுமா?" என்ற கவலையில் தொழுகையையே விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். தொடர்ந்து கசிவு உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி அல்லது பேட் வைத்து, உளூச் செய்து தொழுதுகொள்ள வேண்டும். பிறகு கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும். மத்ஹபுக்கு மத்ஹப் நிபந்தனைகளில் சிறு வேறுபாடு இருப்பதால் விவரத்தை ஆலிம்களிடம் கேளுங்கள்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தொழுவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் சாய்ந்து படுத்தும் தொழும்படியும் நபியவர்கள் சொன்னார்கள். ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது. நோயாளியின் தொழுகை பற்றிய சட்டங்களுக்கெல்லாம் அடிப்படையாக நாம் எடுத்துக்காட்டும் இந்த ஹதீஸ், மூலத்தைப் பற்றி வெட்கப்படாமல் ஒரு ஸஹாபி கேட்ட கேள்வியால் நமக்குக் கிடைத்தது.

கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும்

கர்ப்ப காலத்தில் வளரும் கருப்பை கீழுள்ள இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. ஹார்மோன் மாற்றத்தால் குடல் மந்தமாகிறது. கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்குகிறது. மூன்றும் சேர்ந்து, கடைசி மாதங்களில் மூலம் வருவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும். இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்; மலச்சிக்கலைச் சொல்லி இளக்க மருந்து கேளுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. சிவப்பாகப் போனால் அது மாத்திரையால் அல்ல.

பிள்ளை பெற்ற நாற்பது நாளில் நம் வீடுகளில் வைக்கும் பத்தியத்தைப் பற்றி மாமியார்மாரிடமும் உம்மாமாரிடமும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், கீரை ஆகாது, பழம் சளி பிடிக்கும் என்று சொல்லிச் சுடுசோறும் பூண்டுக் குழம்பும் மட்டும் கொடுக்கிறீர்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும். தையல் போட்ட உடம்போடு, கல் போன்ற மலத்தை அவள் முக்கி வெளியேற்ற வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். பூண்டுக் குழம்பு இருக்கட்டும். கூடவே வெந்த காயும் பழமும், கேட்கும்போதெல்லாம் தண்ணீரும் கொடுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். கடும் வெயிலில் வேலை, வண்டியில் மணிக்கணக்கில் உட்காருதல், சிறுநீர் வருமே என்று தண்ணீரைக் குறைத்தல், மூன்று வேளையும் குபூஸும் கறியும் என்ற வாழ்க்கையில் மூலம் வருவதில் ஆச்சரியமில்லை. லீவுக்கு ஊர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறார்கள்.

சுவரொட்டி வைத்தியர்கள்

பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரிலிருந்து மின்கம்பம்வரை "மூலம், பவுத்திரம் – ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்" என்று ஒட்டியிருக்கிறார்கள். லாட்ஜ் அறையில் மாதம் இரண்டு நாள் வந்து போகிறவர்களும் உண்டு. பெயர்ப்பலகையில் படிப்பு இருக்காது, ரசீது கிடையாது, போட்ட ஊசியில் என்ன மருந்து என்று சொல்ல மாட்டார்கள். திசுவை அரிக்கும் திரவத்தை ஊசி மூலம் ஏற்றி, மூலத்தோடு நல்ல சதையும் அழுகி, ஆசனவாய் சுருங்கிப்போனால் அதைச் சரிசெய்யப் பல ஆபரேஷன்கள் தேவைப்படும். அப்படி ஒரு சகோதரருக்காக நாங்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. லாட்ஜில் அவர் கொடுத்த பணத்தைக் கேட்டால் மனம் எரிகிறது. அரசு மருத்துவமனையில் அதே நோய்க்குச் செலவில்லாமல் பார்த்திருப்பார்கள்.

சித்த மருத்துவத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது; பட்டம் பெற்று, பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் சமைத்துச் சாப்பிடத் தடையில்லை. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியைத்தான் வேண்டாம் என்கிறோம்.

டாக்டர் என்ன செய்வார்?

பயமே இங்குதான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, தேவையான இடத்தை மட்டும் திறந்து, கையுறை போட்ட விரலாலும், விரல் நீளமுள்ள சிறு குழாயாலும் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலை. பெண்கள் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் நர்ஸோ மகளோ பக்கத்தில் இருக்கும்படி கேட்கலாம். சிகிச்சைக்குத் தேவையான அளவு அவ்ரத்தைத் திறக்க மார்க்கம் இடம் தருகிறது.

உள் மூலத்தை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். இரத்தம் மட்டும் போவது முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாவது. கையால் தள்ளினால்தான் போகும் என்பது மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது. முதல் இரண்டு நிலைக்கும், மூன்றாவதில் பலருக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. 1960களிலிருந்து உலகமெங்கும் செய்யப்படும் ரப்பர் வளையச் சிகிச்சை இருக்கிறது. மூலத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். இரத்தம் போகாமல் அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் மலத்தோடு உதிர்ந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஓரிரு நாள் கனமாக, முக்க வேண்டும்போலத் தோன்றும். சிலருக்கு இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டும் போகாதீர்கள். வளையம் போட்டபின் காய்ச்சல், வலி கூடிக்கொண்டே போவது, சிறுநீர் போக முடியாமை ஏற்பட்டால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்காம் நிலைக்கும், மற்றவை பலிக்காதபோதும் ஆபரேஷன். 1937ல் லண்டனில் மில்லிகன், மோர்கன் என்ற டாக்டர்கள் விவரித்த முறைதான் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் பெருவாரியாகச் செய்யப்படுகிறது. இரண்டு வாரம் வலி இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபடி வருவது குறைவு. ஸ்டேப்ளர் முறையில் வலி குறைவு, திரும்ப வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். லேசர் என்று இப்போது பெரிய விளம்பரம். சிலருக்கு அது பொருந்தும். எல்லா நிலைக்கும் பொருந்தாது. லேசர் என்று யாராவது சொன்னால், "எனக்கு எத்தனையாவது நிலை? வளையம் போட்டால் போதாதா?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். கடன் வாங்கும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.

எப்போது தள்ளிப்போடவே கூடாது

ஆசனவாயில் இரத்தம் என்றால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். குடல் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கலாம். இரத்தம் கருஞ்சிவப்பாகவோ மலத்தோடு கலந்தோ வந்தால், தார்போல் கறுத்து நாறினால், சளிபோல் கலந்து வந்தால், போய்வந்தபின்னும் மீதி இருப்பதுபோல் தோன்றினால், மலப்பழக்கம் சில வாரமாக மாறியிருந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், வயது நாற்பதைத் தாண்டியபின் முதன்முறையாக இரத்தம் வந்தால், உடனே காட்டுங்கள். பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனாஸ்கோப்பி தேவைப்படலாம். "சின்ன வயசுதானே" என்றும் இருக்க வேண்டாம். நம் நாட்டில் முப்பதுகளில் உள்ளவர்களுக்கும் இந்தப் புற்றுநோய் வருகிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கிவிடலாம்.

ஆசனவாய்ப் பக்கத்தில் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ்க்கட்டி. சர்க்கரை நோயாளிகளுக்கு அது வேகமாகப் பரவும். காலைவரை காத்திருக்கக் கூடாது. இரத்தம் நிற்காமல் போய் மயக்கம் வந்தால் 108ஐ அழையுங்கள்.

முதலில் சொன்ன தாயாருக்கு இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். குடலையும் பார்த்தார்கள், அல்ஹம்துலில்லாஹ், வேறு எதுவும் இல்லை. மூன்றாம் நிலை மூலம். இரண்டு தடவையாக வளையம் போட்டார்கள். இரும்பு மாத்திரை ஆறு மாதம். போன வாரம் மகளோடு வந்திருந்தார்கள், ஹீமோகுளோபின் 11.4 என்ற காகிதத்தைக் காட்டினார்கள். மாடிப்படியில் உட்காராமல் ஏறி வந்ததாகச் சொன்னார்கள். தன் தங்கைக்கும் இதே மாதிரி இருக்கிறது, எந்த நாளில் பெண் டாக்டர் இருப்பார் என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.